அனுமதிக்கு முன்பே தோண்டியவர்

லண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிசில் இறங்கிவிடலாம். அந்தப் பயணத்தில் ஏறத்தாழ இருபது நிமிடம் கடலுக்கு அடியில் கழிகிறது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு மட்டும்தான். பிரிட்டனையும் பிரான்சையும் இணைக்கும் இந்தச் சுரங்கம் 1994 மே 6ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 50 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலடியில் உள்ளது.

பொறியியல் மாணவர்கள் பலருக்கும் இந்த எண்கள் மனப்பாடம். ஆனால் இதே கடலுக்கு அடியில், கிட்டத்தட்ட அதே இடத்தில், 1882ஆம் ஆண்டிலேயே 1,800 மீட்டருக்கு மேல் ஒருவர் தோண்டி முடித்திருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. பாறை அவரைத் தடுக்கவில்லை. தண்ணீர் உள்ளே புகவில்லை. பணமும் தீர்ந்துவிடவில்லை. அவரை நிறுத்தியது அரசாங்கம். அதுவும் நீதிமன்ற உத்தரவுடன் வந்து.

அவர் பெயர் சர் எட்வர்ட் வாட்கின். பிரிட்டிஷ் ரயில்வே வரலாற்றில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அவருடைய கதையைப் படிக்கும்போது பல இடங்களில் அவரைத் தடுத்த அதிகாரிகளின் பக்கமே சாய்கிறேன். ஏன் என்று சொல்ல அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

வாட்கின் 1819இல் இங்கிலாந்தின் சால்ஃபர்டில் பிறந்தார். மான்செஸ்டருக்கு ஒட்டிய ஊர். தந்தை அப்சலோம் வாட்கின் பருத்தி வணிகர். மகனும் முதலில் தந்தையின் தொழிலில்தான் இருந்தார். ஆனால் கடையில் அடங்கி உட்காரும் ஆள் அல்லர். மான்செஸ்டர் தொழிலாளர்களுக்குப் பொதுப் பூங்காக்கள் வேண்டும், சனிக்கிழமை அரை நாள் விடுமுறை வேண்டும் என்று இருபதுகளிலேயே இயக்கம் நடத்தினார். ஒரு செய்தித்தாளைத் தொடங்குவதிலும் பங்கெடுத்தார்.

1845இல் டிரென்ட் பள்ளத்தாக்கு ரயில்வேயின் செயலாளரானார். பிரிட்டன் முழுவதும் ரயில் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. அரசாங்கம் ரயில் பாதை போடவில்லை. தனியார் நிறுவனங்கள் போட்டன. ஒவ்வொரு பாதைக்கும் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்க வேண்டும். நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்திலிருந்துதான் வரும். ஆகவே ரயில்வே தலைவருக்குப் பொறியியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாடாளுமன்றக் குழுக்களில் எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும். வாட்கின் அதை வேகமாகக் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே அந்த ரயில்வே பெரிய நிறுவனம் ஒன்றிடம் நல்ல லாபத்துக்கு விற்கப்பட்டது.

வேலைப் பளுவால் உடல்நலம் கெட்டு, 1851இல் ஓய்வுக்காக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார். அந்தப் பயணத்தையும் புத்தகமாக எழுதினார். பத்தாண்டு கழித்து, 1861இல், நிதிச் சிக்கலில் மூழ்கியிருந்த கனடாவின் கிராண்ட் டிரங்க் ரயில்வேயைத் தூக்கி நிறுத்த மீண்டும் கனடா சென்றார். அப்போது கனடா ஒரே நாடாக இல்லை; தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்தது. அவற்றை ரயிலால் இணைக்க வேண்டுமானால் லண்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சும், உள்ளூர் அரசாங்கங்களும், கடன் கொடுத்தவர்களும் ஒரே மேசைக்கு வர வேண்டும். வாட்கின் அவர்களிடையே அலைந்து திரிந்தார். எல்லை கடக்கும் பாதைக்கு எத்தனை கையெழுத்து தேவை என்று அவருக்குத் தெரியாது என யாரும் சொல்ல முடியாது. 1868இல் சர் பட்டமும், 1880இல் பேரனெட் பட்டமும் கிடைத்தன.

இனி அவர் கையில் இருந்த ரயில்வேக்களைப் பார்ப்போம். 1864இல் மான்செஸ்டர், ஷெஃபீல்டு, லிங்கன்ஷயர் ரயில்வேயின் தலைவர். 1866இல் லண்டனிலிருந்து டோவர் துறைமுகம் வரை ஓடிய தென்கிழக்கு ரயில்வேயின் தலைவர். 1872இல் உலகின் முதல் நிலத்தடி ரயிலான மெட்ரோபோலிட்டன் ரயில்வேயின் தலைவர். தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் புரூனல் குடும்பத்தார் கட்டிய பழைய சுரங்கத்தின் வழியாக ஓடிய கிழக்கு லண்டன் ரயில்வேக்கும் அவரே தலைவரானார். வரைபடத்தை எடுத்து இந்தப் பெயர்களை இணைத்துப் பாருங்கள். மான்செஸ்டரிலிருந்து லண்டன், லண்டனின் அடியில் புகுந்து ஆற்றைக் கடந்து டோவர். நடுவில் சில இடைவெளிகள் இருந்தன. டோவருக்கு அப்பால் 33 கிலோமீட்டர் கடல். அதன் மறுகரையில் பிரான்ஸ்.

இந்தக் கடலுக்கு அடியில் பாதை என்ற யோசனை வாட்கினுடையது அல்ல. 1802இலேயே ஆல்பர்ட் மத்தியூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் குதிரை வண்டிகள் ஓடும் கடலடிப் பாதையை வரைந்தார். எண்ணெய் விளக்கு வெளிச்சம், நடுக்கடலில் குதிரைகளை மாற்ற ஒரு செயற்கைத் தீவு. அவருக்குப் பின் வந்த தோமே டி கமோன் இன்னும் துணிச்சல்காரர். கடலடிப் பாறை எப்படிப்பட்டது என்று அறிய 1855இல் இடுப்பில் கல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் குதித்தார். மேலே வர, காற்று நிரப்பிய பன்றியின் நீர்ப்பைகள். ஒருமுறை விலாங்கு மீன்கள் அவரைக் கடித்தன. வாழ்நாள் முழுவதையும் சொத்தையும் இந்தக் கனவுக்குக் கொடுத்து 1876இல் வறுமையில் இறந்தார். அவர் மேலே கொண்டுவந்த பாறைத் துண்டுகள் முக்கியமானவை. இரு கரைகளுக்கும் நடுவே ஒரே பாறை அடுக்கு தொடர்கிறது என்ற எண்ணம் அவற்றால் வலுப்பட்டது.

அந்த அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டோவரின் வெள்ளைக் குன்றுகள் சுண்ணப்பாறை. அதில் விரிசல்கள் உண்டு, தண்ணீர் கசியும். ஆனால் அதற்குக் கீழே களிமண் கலந்த சாம்பல் நிறச் சுண்ண அடுக்கு இருக்கிறது. அது தண்ணீரை விடாது. அதே நேரம் வெட்டுவதற்கு மென்மையானது. சுரங்கம் தோண்டுபவருக்கு இதைவிட நல்ல பாறை வேண்டியதில்லை. இன்றைய சுரங்கமும் பெரும்பாலும் இந்த அடுக்கிலேயே போகிறது.

1870களில் இரு அரசாங்கங்களும் இந்த யோசனையை நல்லபடியாகவே கையாண்டன. இது பலரும் தவறவிடும் பகுதி. 1875இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அடுத்த ஆண்டே இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து ஓர் உடன்பாட்டு வரைவைத் தயாரித்தார்கள். சுரங்கத்துக்குள் நாட்டின் எல்லை எங்கே? நடுவில். யார் மேற்பார்வை? ஒரு நாட்டுக்கு மூவர் வீதம் ஆறு பேர் கொண்ட அனைத்துலக ஆணையம். உரிமம் எத்தனை ஆண்டு? 99. போர் வந்தால்? இரு அரசாங்கங்களும் தத்தம் பகுதியில் ரயிலை நிறுத்தலாம், தேவைப்பட்டால் சுரங்கத்தைச் சேதப்படுத்தவும் செய்யலாம்.

கடைசிக் கேள்விக்கும்கூடப் பதில் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் வரைவு வரைவாகவே நின்றது. பிரிட்டன் பக்கம் அனுமதி பெற்றிருந்த நிறுவனத்தால் பணம் திரட்ட முடியவில்லை. அந்த நிறுவனம் வாட்கினுடையது அல்ல, அவருடைய போட்டியாளர்களுடையது. இந்த இடைவெளியில்தான் வாட்கின் நுழைந்தார்.

1880இல் டோவருக்கும் ஃபோக்ஸ்டனுக்கும் நடுவே அபட்ஸ் குன்றின் அடியில் முதல் சோதனைச் சுரங்கம் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த வில்லியம் ஷார்ப் என்ற தொழிலாளி, 1880இல் இந்தச் சுரங்கம் தொடங்கப்பட்டது என்று சுவரில் தன் பெயருடன் செதுக்கி வைத்தார். எழுத்துப் பிழைகளுடன். நூறு ஆண்டுக்குப் பிறகும் அது அங்கே இருந்தது. சுவருக்குப் பூச்சோ செங்கல்லோ இல்லாமலேயே பாறை அத்தனை உறுதியாக நின்றிருந்தது.

1881இல் தென்கிழக்கு ரயில்வேக்குச் சோதனை வேலைகள் செய்ய நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. வாட்கின் அதே ஆண்டு தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, டோவருக்குப் பக்கத்தில் ஷேக்ஸ்பியர் குன்றின் அடிவாரத்தில் கிணறு போன்ற குழியை இறக்கினார். அதன் அடியிலிருந்து கடலை நோக்கி இரண்டாவது சுரங்கம் புறப்பட்டது. அதைத் தோண்டியது கர்னல் பியூமான்ட்டின் இயந்திரம். ஏழு அடி விட்டம் கொண்ட சுழலும் வெட்டுத் தலை. பற்கள் பாறையைச் சுரண்டச் சுரண்ட, பின்னால் துண்டுகள் வெளியேறும். இயக்கியது அழுத்தக் காற்று. வெளியேறும் காற்றே தொழிலாளர்கள் சுவாசிக்கவும் உதவியது. நீராவி எந்திரத்தைச் சுரங்கத்துக்குள் ஓட்டினால் புகையில் யாரும் நிற்க முடியாது அல்லவா? சிங்கப்பூரில் எம்ஆர்டி சுரங்கம் தோண்டும் இயந்திரங்களைப் பற்றிப் படிப்பவர்களுக்கு இதில் பழக்கமான அம்சங்கள் நிறையத் தெரியும்.

மறுகரையில் சங்கத் என்ற ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் தோண்டிக்கொண்டு வந்தார்கள்.

வாட்கின் செய்த அடுத்த காரியத்தைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அவர் சுரங்கத்தையே விருந்து மண்டபமாக்கினார். அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், பிரபுக்கள் எல்லாரையும் லண்டனிலிருந்து தனி ரயிலில் அழைத்து வந்து, குழிக்குள் இறக்கி, கடலுக்கு அடியில் ஷாம்பெயின் கொடுத்தார். மின்விளக்குகள் எரிந்தன. பெரும்பாலான வீடுகளில் அது அப்போது பார்க்கக் கிடைக்காத பொருள். இளவரசர், கேன்டர்பரி பேராயர், பிரதமர் கிளாட்ஸ்டன் வரை அங்கே இறங்கிப் பார்த்தார்கள். பயந்தவர்கள் வெளியே வரும்போது ஆதரவாளர்களாக இருப்பார்கள் என்பது வாட்கினின் கணக்கு. இக்காலத்து விளம்பர நிறுவனங்கள் அவரிடம் பாடம் எடுக்கலாம்.

கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் விருந்துகளின் செய்தி பத்திரிகைகளில் வந்ததும், அதுவரை அக்கறை காட்டாத ராணுவம் விழித்துக்கொண்டது.

ராணுவத்தின் குரலாக எழுந்தவர் சர் கார்னெட் வூல்ஸ்லி. அக்காலத்தில் பிரிட்டனின் மிகப் புகழ்பெற்ற தளபதி. அவர் 1882இல் எழுதிய அறிக்கையின் சாரம் இதுதான்: சில ஆயிரம் வீரர்கள் சாதாரண உடையில், பயணிகள் போல, இரவில் ரயில் ஏறி வந்து டோவர் கோட்டையைப் பிடித்துக்கொண்டால் சுரங்கத்தின் வாய் எதிரி கையில். அதன் வழியே பெரும்படை வந்துகொண்டே இருக்கும். பிரிட்டனைக் காப்பது கடல். கடலை நாமே துளைப்பதா?

இன்று இது நகைச்சுவையாகத் தோன்றலாம். ஒரே குழாய் வழியாக வரும் படையைத் தடுப்பது அவ்வளவு கடினமா? அப்போதே பலர் இதைக் கேட்டார்கள். ஆனால் காலத்தையும் பார்க்க வேண்டும். 1870-71இல் பிரான்சையே ஜெர்மானியப் படை சில மாதங்களில் வீழ்த்தியிருந்தது. பிரிட்டன் படையெடுக்கப்படுவதாகக் கற்பனை செய்த கதைகள் சூடாக விற்றன. 1882 கோடையில் எகிப்து விவகாரத்தில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் உறவு கசந்தது. எகிப்துக்குப் படை நடத்திச் சென்றவரும் இதே வூல்ஸ்லிதான். ஒரு மாத இதழில் சுரங்கத்துக்கு எதிரான கண்டனம் வெளியானது. கையெழுத்திட்டவர்களில் கவிஞர்கள் டென்னிசனும் பிரவுனிங்கும், அறிவியலாளர் ஹக்ஸ்லியும் இருந்தார்கள்.

போர் அமைச்சு ஒரு குழுவை அமைத்தது. சுரங்கத்தை அவசரத்தில் எப்படி மூடுவது என்பதே அதன் வேலை. வாயிலை அடைப்பது, கடல்நீரைப் பாய்ச்சுவது, வெடிவைத்துத் தகர்ப்பது, மூச்சுத்திணற வைக்கும் புகையை நிரப்புவது என வழிகளை வரிசையாக ஆராய்ந்தது. எந்த ஒரு வழியையும் மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதே அதற்குக் கிடைத்த விடை.

இதெல்லாம் தளபதிகளின் கதை. எனக்குச் சுவையாக இருப்பது இன்னோர் அலுவலகத்தின் கதை. வர்த்தக வாரியம் என்று பெயர். பெயரைக் கேட்டால் வணிகர் சங்கம் போல இருக்கும். உண்மையில் அது ஓர் அமைச்சு. ரயில்வே பாதுகாப்பு, துறைமுகங்கள், கடற்கரை எல்லாம் அதன் பொறுப்பு. 1882இல் அதன் தலைவர் ஜோசப் சேம்பர்லின். சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று அரசாங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்கும்வரை நிறுத்துங்கள் என்று வாட்கினிடம் சொல்ல வேண்டும். எந்தச் சட்டத்தின்படி சொல்வது?

அதிகாரிகள் ஒரு கோட்டைக் கண்டுபிடித்தார்கள். கடல் முழுமையாக வற்றும்போது தண்ணீர் நிற்கும் இடத்துக்கு ஒரு கோடு உண்டு. கரையிலிருந்து அந்தக் கோடு வரை ரயில்வே வாங்கிய நிலம், அதில் அது தோண்டலாம். அதற்கு அப்பால் மூன்று மைல் தூரத்துக்குக் கடலடி நிலம் அரச உடைமை. அங்கே ஒரு கூடை மண் எடுப்பதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். 1882 வசந்த காலத்தில் வாட்கினுக்கு உத்தரவு போனது: கோட்டைத் தாண்டாதீர்கள்.

வாட்கின் நேரடியாக மறுக்கவில்லை. பணிவாகப் பதில் எழுதினார். சுரங்கத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், காற்றோட்டம் தேவை, பராமரிப்பு தேவை என்றார். இயந்திரத்தை இயக்கும் காற்றுதான் சுரங்கத்துக்குள் காற்றோட்டம் தரும் காற்று என்று மேலே சொன்னேன் அல்லவா? இயந்திரத்தை முழுக்க நிறுத்தினால் காற்றும் நிற்கும் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. பொறியியலாகப் பார்த்தால் கெட்டிக்கார வாதம். வெட்டுத் தலையைச் சுழற்றாமலேயே காற்றை விட முடியாதா என்பது அதற்குரிய எளிய கேள்வி.

வாரியம் தன் ஆய்வாளர் கர்னல் யோலண்டை அனுப்ப முயன்றது. ரயில் விபத்துகளை விசாரிப்பதில் பழுத்த அதிகாரி அவர். இன்று வசதியில்லை, நாளை பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தார்கள். கடைசியில் வாரியம் நீதிமன்றத்துக்குப் போய் ஜூலை மாதம் உத்தரவு பெற்றது. அதன் பின்னரே யோலண்ட் உள்ளே இறங்கி அளந்தார். வற்றுக்கோடு வெகு பின்னால் இருந்தது. நிறுத்தச் சொன்ன பிறகும் நூற்றுக்கணக்கான கஜம் தோண்டப்பட்டிருந்தது.

சேம்பர்லினின் வாரியத்தில் சுரங்கத்தை வெறுத்தவர்கள் மட்டும் இருந்தார்கள் என்று நினைக்கக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் அதே அரசாங்க இயந்திரம்தான் பிரான்சுடன் உடன்பாட்டு வரைவை உருவாக்கியிருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவகாசம். ராணுவம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது, நாடாளுமன்றம் பதில் சொல்லட்டும் என்பதே அவர்கள் நிலை. யோலண்டின் அளவுகள் வெளிவந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. சுரங்கம் பாதுகாப்பானதா என்பது போய், இந்த மனிதரிடம் சுரங்கத்தின் சாவியைக் கொடுக்கலாமா என்றானது. போர் வந்தால் அரசாங்கம் சொன்ன நொடியில் சுரங்கத்தை மூடுவேன் என்று வாக்குக் கொடுத்தவர், அமைதிக் காலத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னபோது நிறுத்தவில்லை. வூல்ஸ்லியின் மாறுவேடப் படையைவிட இதுதான் எனக்குக் கனமான வாதமாகத் தெரிகிறது.

வாட்கினுக்காகவும் பேச வேண்டும். அவர் காலத்தில் ரயில்வே தலைவர்கள் எல்லாரும் இப்படித்தான் வேலை செய்தார்கள். முதலில் தரையில் கால் ஊன்றுபவருக்கே நாடாளுமன்றம் கடைசியில் அனுமதி கொடுக்கும் என்பது அனுபவம். அவருக்குப் பக்கத்திலேயே போட்டி நிறுவனம் காத்திருந்தது. டோவருக்குப் போகும் இன்னொரு ரயில்வேயின் தலைவர் ஃபோர்ப்ஸுடன் அவர் பல ஆண்டுகளாக மோதிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே ஊர்களுக்குத் தனித்தனிப் பாதை போட்டுக் காசைக் கரைத்தார்கள். வேகமாக ஓடாவிட்டால் இன்னொருவர் முந்துவார் என்ற பயம் அவர் ரத்தத்தில் ஊறியது. உள்நாட்டுப் பாதைக்கு அந்த வழி ஓரளவு சரிப்பட்டது. இரண்டு அரசாங்கங்கள் ஒன்றையொன்று நம்ப வேண்டிய பாதைக்குச் சரிப்படவில்லை.

1882 ஆகஸ்டில் ஆங்கிலேயர் பக்கத்தில் இயந்திரம் நின்றது. அதுவரை தோண்டியது 2,020 கஜம், அதாவது ஏறத்தாழ 1,850 மீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் சில மாதம் தோண்டி, 1883 மார்ச்சில் 1,669 மீட்டரில் நிறுத்தினார்கள். மறுகரையிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு தோண்டி என்ன பயன்?

1883இல் பிரபுக்கள் சபையும் மக்கள் சபையும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. தலைவர் லான்ஸ்டவுன் பிரபு. 40 சாட்சிகள், 5,000க்கும் மேற்பட்ட கேள்விகள். லான்ஸ்டவுன் சுரங்கத்துக்குச் சாதகமாக அறிக்கை எழுதினார். வாக்கெடுப்பில் பத்துப் பேரில் ஆறு பேர் எதிர்த்தார்கள். நான்கு பேர் ஆதரித்தார்கள். இரண்டே இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் எதிர்ப்பாளர்கள் சிறுபான்மை ஆகியிருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது யோலண்டின் அளவுகோலை நினைத்துத் தயங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். இது என் ஊகம்.

வாட்கின் விடவில்லை. போட்டி நிறுவனத்துடன் கைகோத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் மசோதா கொண்டுவந்தார். ஹைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். சுரங்கம் தொடங்கும் கடற்கரைக்குப் பக்கத்துத் தொகுதி. 1888இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கிளாட்ஸ்டனே எழுந்து ஆதரித்துப் பேசினார். எதிர்த்து 307 வாக்கு, ஆதரித்து 165. அந்த மசோதா தோற்றது.

ஷேக்ஸ்பியர் குன்றில் கிடந்த குழியும் இயந்திரங்களும் வீணாகவில்லை. அதே இடத்தில் ஆழமாகத் துளையிட்டுப் பார்த்தபோது 1890இல் நிலக்கரி தட்டுப்பட்டது. கென்ட் வட்டாரத்தில் நிலக்கரி இருப்பது அப்படித்தான் உறுதியானது. அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1989இல்தான் மூடப்பட்டது.

இந்தத் தோல்விக்குப் பிறகு வாட்கின் லண்டனில் ஈஃபிள் கோபுரத்தைவிட உயரமான கோபுரம் கட்டக் கிளம்பினார். தன் மெட்ரோபோலிட்டன் ரயிலில் மக்கள் கூட்டம் கூட்டமாக வர வேண்டும் என்பது நோக்கம். வடிவமைக்கும்படி ஈஃபிளையே கேட்டார், அவர் மறுத்துவிட்டார். முதல் தளம்வரை மட்டும் எழுந்து 1896இல் திறக்கப்பட்ட கோபுரம் சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. இடம் வெம்பிளி. பின்னாளில் அங்கேதான் காற்பந்து அரங்கம் எழுந்தது.

உடல்நலம் குன்றியதால் 1894இல் ரயில்வே பதவிகளைத் துறந்தார். வடக்கிலிருந்து லண்டனுக்கு அவர் திட்டமிட்ட புதிய பாதை, மேரிலபோன் நிலையத்துடன் 1899இல் திறக்கப்பட்டது. 1901 ஏப்ரல் 13ஆம் தேதி, தன் 81ஆவது வயதில், மான்செஸ்டருக்கு அருகே நார்தெண்டனில் காலமானார்.

எல்லை தாண்டும் பாதை ஒன்றும் நமக்குப் புதிதல்ல. என் பாட்டி வீடு ஜோகூர் பாருவில். பள்ளி விடுமுறையில் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தவள் நான். கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டத்துக்கு 2016இல் கையெழுத்தாகி, 2020 கடைசி நாளோடு அது முடிந்துபோனதையும் பார்த்தோம். ஜோகூர் பாருவுக்கும் உட்லண்ட்சுக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் இணைப்புக்கு 2018இல் உடன்பாடு கண்டு, இடையில் நிறுத்தி, 2020இல் மீண்டும் தொடங்கினார்கள். ஏன் இவ்வளவு பேச்சு, தண்டவாளத்தைப் போட வேண்டியதுதானே என்று என் நண்பர்கள் கேட்பதுண்டு. ரயில் யாருடையது, குடிநுழைவுச் சோதனை எங்கே, பாதி வழியில் பழுதானால் யார் வருவது, ஒரு தரப்பு விலகினால் இழப்பீடு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். அதிவேக ரயில் கைவிடப்பட்டபோது மலேசியா சிங்கப்பூருக்கு 102.8 மில்லியன் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. அந்தப் பதில் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் இருந்ததால்தான் அண்டை நாடுகளுக்குள் அது சண்டையாகவில்லை.

ஆங்கிலக் கால்வாயில் அப்படிப் பதில்களை எழுதி முடிக்க இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1973இல் கையெழுத்தான ஓர் உடன்பாட்டின் பேரில் மீண்டும் தோண்டத் தொடங்கி, 1975 ஜனவரியில் பிரிட்டன் செலவுக்குப் பயந்து கைவிட்டது. கடைசியாக 1986 பிப்ரவரி 12ஆம் தேதி கேன்டர்பரியில் இரு நாடுகளும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. எல்லை எங்கே என்று வரையறுத்தார்கள். இரு அரசாங்கங்களின் பேராளர்கள் அடங்கிய கூட்டு ஆணையம் ஒன்றை நிறுவினார்கள். 1876 வரைவைப் படித்தவர்களுக்கு இவை பழக்கமான ஏற்பாடுகள். 1987 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேயர் பக்கத்து இயந்திரம் கடலை நோக்கித் தோண்டத் தொடங்கியது. அது புறப்பட்ட இடம் ஷேக்ஸ்பியர் குன்றின் அடிவாரம்.